ஒன்பது பலகைகள்: புளியந்தீவின் பழைய கடைகளைப் பற்றி

என் தகப்பனார் மட்டக்களப்பு நகரத்தின் புளியந்தீவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 31 ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் காலையில் நானும் அவருடன் போவேன். கடை திறக்க உதவுவது என் வேலை. ஒரு சாண் அகலமும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட ஒன்பது முதிரைப் பலகைகளே அந்தக் கடையின் கதவு. மேலே நிலைமரத்திலும் கீழே வாசற்படியிலும் வெட்டிய காடிகளுக்குள் அவை வரிசையாக நிற்கும். இடது மூலையில் மட்டும் காடி சற்று அகலமாக வெட்டப்பட்டிருக்கும். எந்தப் பலகையையும் அந்த இடத்தால்தான் எடுக்கவும் போடவும் முடியும். எல்லாம் போட்ட பிறகு குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தை வைத்துப் பூட்டுவார்கள்.

ஒவ்வொரு பலகையின் உட்புறத்திலும் உளியால் வெட்டிய உரோம இலக்கம் ஒன்று இருந்தது. மாலையில் கடை பூட்டும்போது அவசரத்தில் நான் ஒருமுறை வரிசையை மாற்றிவிட்டேன். எட்டுப் பலகைகள் நின்றன, ஒன்பதாவது நுழையவில்லை. "மனே, ஆறாம் பலகையின்ர நாக்கு அஞ்சாம் பலகையின்ர காடிக்குத்தான் செதுக்கினது. வேறொண்டோட அது சேராது" என்று சொல்லிவிட்டு, அப்பா எல்லாவற்றையும் கழற்றி முதலில் இருந்து போட்டார். கையால் இழைத்த மரம் என்றால் என்ன என்பதை எனக்கு முதன்முதலில் விளங்கவைத்தது அந்த மாலைதான்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் மூன்று மாடிக் கொங்கிறீற்றுக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதற்கான வரைபடத்தை வரைந்து கொடுத்தவன் நான். கட்டட வரைபடம் வரைவது என் தொழில். இந்த நகரத்தில் நான் வரைந்து கொடுத்த படங்களின் பெயரால் மூன்று பழைய கடைகள் இடிக்கப்பட்டிருக்கின்றன. இடிப்பதற்கு முன் அவற்றில் ஒன்றையேனும் அளந்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்களில் எனக்கு வரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவே முதற் காரணம்.

மட்டக்களப்பின் பழைய கட்டடம் எது என்று யாரிடம் கேட்டாலும் கோட்டையைத்தான் காட்டுவார்கள். அதில் பிழையில்லை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய அந்தச் சிறிய கோட்டை, 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதலாவது போர்த்துக்கேயக் கோட்டை அதுதான். 1795இல் பிரித்தானியர் வந்தார்கள். பிற்காலத்தில் மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரி அதற்குள்ளேயே நடந்ததால், பிறப்புச் சான்றிதழ் முதல் காணி அலுவல் வரை எங்கள் சனங்களின் வாழ்க்கையும் அந்த மதிலுக்குள் போய்வந்தது. ஆனால் கோட்டை என்பது வந்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கட்டியது. இங்குள்ளவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் தேவைக்கு, தங்கள் மேசன்மாரையும் தச்சரையும் கொண்டு கட்டியவை கடைகளும் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளும்தான். இந்த ஊர் எப்படிச் சம்பாதித்தது, யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள், மழையையும் வெயிலையும் உப்புக்காற்றையும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அறிய வேண்டுமானால் கோட்டையை விடக் கடைத்தெருவைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைத்தெருவை விளங்கிக்கொள்வதற்கு முதலில் வாவியை விளங்கிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி, வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கே நெல் விளையும் படுவான்கரை. கிழக்கே கடலோரமாகச் சனங்கள் நெருங்கி வாழும் எழுவான்கரை. பாலங்கள் வருவதற்கு முன்பு ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நெல்லும் தயிரும் விறகும் தேனும் வந்தது தோணியில்தான். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் இன்றும் ஓடும் பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவையை இங்கே பாதை என்போம்) ஏறி நின்று பார்த்தால், அந்தக் காலத்துப் போக்குவரத்தின் வேகம் என்னவென்று உடம்பால் உணரலாம். கடல்வழியாக வந்த சரக்கும் முகத்துவாரத்தைக் கடந்தே உள்ளே வரவேண்டும். முகத்துவாரத்தின் மணல் திட்டைக் குறித்த 'பார்' என்ற சொல் இன்றைக்கும் அந்தப் பக்கம் போகும் பார் வீதியின் பெயரில் இருக்கிறது.

ஆகவே புளியந்தீவு, நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு தீவு என்பது வியாபாரத்துக்குக் குறையாக இருக்கவில்லை; தோணி எந்தப் பக்கத்திலும் வந்து ஒதுங்கலாம் என்பதால் அது பெரிய வசதியாகவே இருந்தது. அப்பா வேலை செய்த கடையின் அமைப்பும் அதற்கேற்றபடிதான் இருந்தது. தெருப்பக்கம் அகலம் குறைவு, உட்பக்கம் ஆழம் அதிகம். முன்னால் விறாந்தை, அதற்கடுத்து விற்பனைக் கூடம், நடுவில் வானம் தெரியும் சிறிய முற்றம், அதற்கும் பின்னால் கிட்டங்கி. கிட்டங்கியின் பின்கதவைத் திறந்தால் ஒரு ஒழுங்கை. அந்த ஒழுங்கை வாவிக்கரையில் முடியும். அவணக் கணக்கில் மொத்தமாக வந்த நெல் பின்பக்கத்தால் ஏறி, கொத்துக் கணக்கில் சில்லறை அரிசியாக முன்பக்கத்தால் இறங்கும். சரக்கு நடந்த வழியே அந்தக் கட்டடத்தின் வரைபடம். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே வாவியைக் கடக்கும் இடத்துக்கு இன்றும் கிட்டங்கி என்றே பெயர் இருக்கிறது. அங்கேயும் ஒரு காலத்தில் நீரோரத்தில் சரக்கு அடுக்கி வைத்திருந்ததால் வந்த பெயராகத்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு நான்கு ஆண்டு இடைவெளியில் எல்லாம் மாறியது. 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரால் லேடி மனிங் பாலம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1928இல் ரயில் மட்டக்களப்புக்கு வந்தது. காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் தரைவழி திறந்ததோடு, கொழும்புச் சரக்கு ரயில் நிலையத்தில் இறங்கத் தொடங்கியது. வியாபாரம் மெல்ல மெல்லத் தீவிலிருந்து கோட்டைமுனைப் பக்கம் நகர்ந்தது. இதைக் கட்டடங்களிலேயே வாசிக்கலாம். தீவின் உள்ளே எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தாழ்ந்த கூரையும் ஆழமான உட்பக்கமும் உள்ளவை. கோட்டைமுனையில் திருமலை வீதிப் பக்கத்துக் கடைகளில் பின்வாசலுக்கு வேலை குறைந்துவிட்டது. அந்தக் கவனமெல்லாம் முகப்புக்கு வந்துவிட்டது. லொறியும் மாட்டுவண்டியும் முன்னால்தான் நிற்கும், வாடிக்கையாளரும் முன்னால்தான் வருவார். ஆகவே கைப்பிடிச் சுவரை உயர்த்தி, அதன் நடுவில் சாந்தினால் பூவேலை செய்து, கட்டிய ஆண்டையும் பொறித்து வைக்கும் வழக்கம் வந்தது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கண்ணை விளம்பரப் பலகைக்கு மேலே கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். கீழே பிளாஸ்டிக் பெயர்ப்பலகை இருக்கும். மேலே பாசி பிடித்த ஒரு பூச்சாடி இருக்கும்.

விறாந்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் இழந்தவற்றில் பெரியது அதுதான். பழைய கடைகளின் விறாந்தை தெருமட்டத்திலிருந்து இரண்டு மூன்று படி உயரத்தில் இருக்கும். மார்கழி மழையில் தெருவில் வெள்ளம் நின்றாலும் அரிசி மூட்டை நனையாது. கூரை முன்னால் நீண்டு இறங்குவதால் பன்னிரண்டு மணி வெயிலும் பலகைக்குள் நுழையாது. ஒரு கடையின் விறாந்தை முடியும் இடத்தில் அடுத்த கடையின் விறாந்தை தொடங்கும். மழைக்காலத்தில் குடையில்லாமல் அந்தத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். அந்த நிலம் கடைக்காரருடைய காணி உறுதியில் இருந்தது. ஆனால் அதில் நடப்பதற்கும் ஒதுங்குவதற்கும் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. படுவான்கரையிலிருந்து வந்தவர்கள் கடைசிப் பாதைக்கு நேரமாகிவிட்டால் அங்கேயே சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார்கள். காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவந்த வியாபாரியும், ஊறணியிலிருந்து வந்த விவசாயியும், யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்காரரும் ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணீர் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் எங்களுக்குள் நடந்தவற்றை எல்லாம் நினைக்கும்போது அந்த வாங்கு என் கண்முன் வந்து நிற்கிறது.

அந்த வாங்கு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது போர்த்துக்கேயச் சொல். விறாந்தை, ஜன்னல், சாவி, கதிரை, மேசை, அலுமாரி, ஏலம், பீப்பாய் எல்லாம் அதே கப்பலில் வந்தவை. கணக்கப்பிள்ளை காசு போட்ட லாச்சியும், அவர் இருந்த அலுவலகமான கந்தோரும் ஒல்லாந்தரிடமிருந்து வந்த சொற்கள். ஆனால் கட்டடத்தைத் தாங்கிய பகுதிகளின் பெயர்களைப் பாருங்கள்: நிலை, வளை, கைமரம், முற்றம், திண்ணை. அவை அனைத்தும் தமிழ். எங்கள் பழைய கடைகளின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. எலும்பு உள்ளூருக்குரியது, அதன்மேல் வந்து சேர்ந்த வசதிகள் கடல் கடந்தவை. அவற்றைச் செய்த கைகளும் அப்படித்தான். மட்டக்களப்பில் வாழும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிச் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தச்சுவேலையிலும் கொல்லுவேலையிலும் பேர் பெற்றவர்கள். வீட்டிலே போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்புமொழி பேசிக்கொண்டு, வேலைத்தலத்தில் தமிழில் அளவு சொன்னவர்கள். அப்பாவின் கடையின் ஒன்பது பலகைகளையும் இழைத்தவர் ஒரு பறங்கித் தச்சர் என்று முதலாளி சொல்வார். உரோம இலக்கங்களுக்கு விளக்கம் அதுவாகவும் இருக்கலாம்.

இனி சுவருக்கு வருகிறேன். தொழில்முறையில் நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் இது. பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. இந்தக் கரையில் பவளப் பாறையான முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டு எடுத்த சுண்ணாம்பே அதற்குப் பயன்பட்டது. வாவியோரத்து நிலத்தில் எப்போதும் ஈரமும் உப்பும் இருக்கும். சுவர் அதை அடியிலிருந்து உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு பூச்சின் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். ஆண்டுக்கொரு முறை சுரண்டி வெள்ளையடித்தால் வேலை முடிந்தது. எங்கள் தலைமுறை என்ன செய்தது? அந்த வெள்ளையைக் கண்டு அருவருத்து, சுவருக்குச் சீமெந்து பூசியது. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்குள்ளேயே திரண்டு, கல்லை உள்ளிருந்து நொறுக்கும். ஐந்தாறு ஆண்டில் பூச்சு பாளம் பாளமாக விழும்; கையால் தொட்டால் செங்கல் மாவாகக் கொட்டும். உடனே "கட்டடம் பழசாப் போச்சு, இனி இடிக்கத்தான் வேணும்" என்று முடிவெடுப்பார்கள். நானும் அப்படி அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுவரைக் கெடுத்தது அதன் வயது இல்லை, நாங்கள் பூசிய சீமெந்து என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை. அது நல்லதுதான், கடலுக்கு அந்தக் கல் வேண்டும். ஆனால் நாட்டின் உட்பகுதியில் எடுக்கும் சுண்ணாம்பைக் கடையில் வாங்கலாம். அதை நீற்றிச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசன்மார்தான் அருகிவிட்டார்கள்.

கூரையின் கதை வேறு. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி இந்த மாவட்டத்தின் கூரைகளைக் கழற்றி எறிந்தது. அதற்கு முன்னர் கடைத்தெருவில் பீலி ஓடும், மேசன்மார் கலிக்கட் ஓடு என்று சொல்லும் தட்டை ஓடும் இருந்தன. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்தத் தட்டை ஓடு கடல்வழியாக எங்கெங்கோ பரவியது; ஒன்றோடொன்று கொளுவிக்கொள்வதால் அது பீலி ஓட்டைவிடப் பாரம் குறைவு, கைமரமும் குறைவாகப் போதும். சூறாவளிக்குப் பிறகு பறந்த ஓட்டைத் திரும்ப அடுக்க எவருக்கும் துணிவும் இல்லை, பணமும் இல்லை. அஸ்பெஸ்டஸ் சீற் போட்டார்கள்; வசதியுள்ளவர்கள் பிளாட், அதாவது கொங்கிறீற்றுத் தட்டு, அடித்தார்கள். சூறாவளிக்கு மறுநாள் காலையில் தெரு முழுவதும் ஓட்டுத் துண்டுகள் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்ததாக அப்பா சொல்வார். காற்று இறங்கும் ஓட்டுக்கூரை போய், சூட்டைப் பிடித்து வைக்கும் சீற் வந்ததோடு, கடைக்குள் மின்விசிறி இல்லாமல் இருக்க முடியாத நிலையும் வந்தது. அதன் பிறகு போர்க்காலம். பூட்டிய கடைகள், எரிந்த கடைகள், உரியவர் நாட்டை விட்டுப் போனதால் பாழடைந்த கடைகள். அதைப் பற்றி எழுத வேறொரு கட்டுரை வேண்டும்.

ஆனாலும் நான் கணக்கெடுத்துப் பார்த்த அளவில், சூறாவளியும் போரும் விட்டுவைத்த பல கட்டடங்கள் அமைதி வந்த பிறகே இடிந்தன. காரணங்கள் சாதாரணமானவை. தகப்பன் இறந்தால் ஐந்து பிள்ளைகள். இரண்டு பேர் வெளிநாட்டில். கடையை ஐந்தாகப் பிரிக்க முடியாது, நிலத்தைத்தான் விற்றுப் பிரிக்கலாம். வீதி அகலிக்கும்போது முதலில் போவது விறாந்தைத் தூண். தூண் போனால் கூரையின் முன்பகுதி போகும். முன்பகுதி போனால் முகப்புக்கு மழை விழும். வங்கிக் கடன் கேட்டால் பலகைக் கதவுக்குப் பாதுகாப்பு இல்லை என்பார்கள். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குப் போய், இடிக்க இருந்த ஒரு கடையின் முகப்பையாவது வைத்துக்கொண்டு பின்னால் கட்ட அனுமதிக்கலாமே என்று கேட்டேன். இருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கட்டடம் எந்தப் பட்டியலிலும் இல்லையே என்றார். அவர் சொன்னது உண்மை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்துப் பழைமையைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் கோட்டை உள்ளே. எங்கள் கடைகள் வெளியே. பிற்காலத்துக் கட்டடத்தையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வழி உண்டு. ஆனால் அதற்கு யாராவது அதை அளந்து, வரைந்து, படமெடுத்து, விண்ணப்பிக்க வேண்டும். கண்டி இராச்சியம் வீழ்ந்த நாளுக்கும் மட்டக்களப்பில் அரிசி விற்ற கடைக்கும் என்ன தொடர்பு என்று அன்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

காலிக் கோட்டையைப் போலச் செய்யலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு காலியின் தெருக்கள் அழகாகக் காக்கப்பட்டிருப்பது உண்மை. கொழும்பில் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையை 2011இல் கடைத்தொகுதியாக்கியதும் நேர்த்தியான வேலை. இரண்டையும் நான் போய்ப் பார்த்து, தூண்களைத் தடவிப் பார்த்து, அளவெடுத்து வந்திருக்கிறேன். ஆனால் அங்கே கோப்பி குடிக்கத்தான் போக முடிகிறது. ஒரு கிலோ பருப்பு வாங்கப் போக முடியாது. மட்டக்களப்பில் இன்னும் அரிசியும் கயிறும் மண்வெட்டியும் விற்கும் பழைய கடைகள் சில இருக்கின்றன. கட்டியவர் எதற்காகக் கட்டினாரோ அதே வேலையை அவை செய்துகொண்டிருக்கின்றன. அந்த வேலை நடந்தால்தான் விறாந்தையில் ஆள் ஒதுங்குவார், பலகைக்கு எண்ணெய் பூசுவார், ஒழுக்கைப் பார்த்து ஓடு மாற்றுவார். வெற்றுக் கூடாகக் காப்பாற்றினால் எனக்கு அது போதாது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் பழைய கடைத்தெருக்களிலும் இதே நிலைதான். அங்கே நெல் ஆலைகளும் சேர்ந்து மறைந்துகொண்டிருக்கின்றன.

கடந்த ஐப்பசியில் ஒரு ஹாஜியார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். புளியந்தீவில் அவருடைய வாப்பா காலத்துக் கடை. கயிறு, சாக்கு, வலைச்சாமான் விற்பனை. கூரையைத் திருத்த வேண்டும், ஒரு படம் வரைந்து தாருங்கள் என்றார். இடிப்பதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தே போனேன். போய்ப் பார்த்தால் விறாந்தையின் நான்கு மரத்தூண்களும் நின்றன. கதவு பலகைக் கதவு. அவரது பேத்தி, உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளை, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். காலை எட்டரை மணிக்குத் தொடங்கி நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லும்வரை அளந்தோம். சுவரின் கனம் 18 அங்குலம். கிட்டங்கிக்குள் ஒரு கைமரத்தில் கரியால் எழுதிய பழைய கூட்டல் கணக்கு ஒன்று அழியாமல் இருந்தது. அதையும் அந்தப் பிள்ளை தாளில் பார்த்து எழுதினாள்.

கடைசியாகக் கதவுக்கு வந்தோம். பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து உட்புறத்தைப் பார்த்தேன். இங்கே உரோம இலக்கம் இல்லை. ஒன்றாம் பலகைக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு என்று துளைத்திருந்தார்கள். ஆறு வரை சரியாக வந்தது. ஏழாவது இடத்தில் மரச்சட்டத்தில் அடித்த தகரம் ஒன்று இருந்தது.

"ஏழாம் பலகை எங்க ஹாஜியார்?" என்று கேட்டேன்.

"அது எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில போயிட்டு தம்பி. வாப்பா வாவிக்கரை முழுக்கத் தேடினவர். கிடைக்கல்ல. பிறகு இந்தத் தகரத்த அடிச்சார், அப்பிடியே நிக்கிது" என்றார்.

தகரத்தின் அகலத்தையும் அளந்தேன்: எட்டே முக்கால் அங்குலம். ஆறாம் பலகையின் காடியையும் எட்டாம் பலகையின் நாக்கையும் தனித்தனியாகத் தாளில் வைத்து ஒற்றி எடுத்துக்கொண்டேன். வாழைச்சேனைப் பக்கத்தில் பழைய வீடு ஒன்றைப் பிரித்த முதிரைப் பலகைகள் விற்பனைக்கு இருப்பதாக ஒரு தச்சர் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை ஹாஜியாரின் மகனும் நானும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.